பத்தாண்டுக்கு ஓர் ஊதியக் குழு: அளவுகோலும் அதன் எல்லையும்

மத்திய அரசு ஊழியர்களின் ஊதியத்தை ஆராய்ந்து பரிந்துரைக்க ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை ஊதியக் குழு அமைக்கப்படுகிறது. முதல் குழு 1946இல், கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதியாக இருந்த சீனிவாச வரதாச்சாரியார் தலைமையில் அமைந்தது. அவருக்குப் பின் ஜகந்நாத தாஸ், ரகுபீர் தயாள், பி.என். சிங்கால், எஸ். இரத்தினவேல் பாண்டியன், பி.என். ஸ்ரீகிருஷ்ணா, ஏ.கே. மாத்தூர் என ஏழாவது குழுவரை தலைவர்கள் எல்லாரும் நீதித்துறையிலிருந்து வந்தவர்களே. 2025 இறுதியில் பணியைத் தொடங்கிய எட்டாவது குழுவின் தலைவர் ரஞ்சனா பிரகாஷ் தேசாயும் உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதிதான். ஊதியத்தைப் பேரம் பேசித் தீர்க்கும் விஷயமாகப் பார்க்காமல், இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் விஷயமாக அரசு கருதியதன் அடையாளம் இது. ஆனால் இந்தத் தீர்ப்பு யாரையும் கட்டுப்படுத்தாது. நிதிக் குழுவுக்கு அரசமைப்பின் 280ஆவது பிரிவு பின்பலமாக இருக்கிறது. ஊதியக் குழுவுக்கு அப்படி ஒரு பிரிவோ தனிச் சட்டமோ கிடையாது. அமைச்சரவை முடிவெடுத்தால் குழு பிறக்கும். அறிக்கை தந்ததும் கலையும்.

அப்படியும் இந்த ஏற்பாடு எட்டுப் பத்தாண்டுகள் நீடித்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அரசு சாதாரண முதலாளி அல்ல. வேலை கொடுப்பதும், அந்த வேலைக்கான விதிகளை எழுதுவதும், வேலைநிறுத்தம் நடந்தால் அதைத் தடை செய்வதும் அதே அரசுதான். 1960 ஜூலையில் இரண்டாவது குழுவின் அறிக்கையால் ஏமாற்றமடைந்த மத்திய அரசு ஊழியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து அதை ஒடுக்கியது. 2003இல் தமிழ்நாட்டில் ஓய்வூதியச் சலுகைக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வேலையை நிறுத்தி நியாயம் கேட்கும் வழி அடைபட்டவருக்கு, கேட்டுச் சொல்ல ஒரு நடுவர் அவசியம். ஊதியக் குழுவின் முதல் நியாயம் இதுவே.

குழு செய்யும் வேலைகளில் மிக முக்கியமானது குறைந்தபட்ச ஊதியத்தை வகுப்பது. மற்ற எல்லா ஊதியங்களும் அதன் மேல்தான் அடுக்கப்படுகின்றன. முதல் குழு 1947இல் அடிப்படை ஊதியம் 30 ரூபாய், பஞ்சப்படி 25 ரூபாய் எனச் சேர்த்து 55 ரூபாய் என்றது. அந்தத் தொகைக்குப் பின்னால் நல்ல நோக்கம் இருந்தது. திட்டமான கணக்கு இல்லை. அந்தக் கணக்கைத் தந்தது 1957 ஜூலையில் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு. உழைப்பவர் ஒருவர், மனைவி, இரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பத்தை மூன்று நுகர்வு அலகுகளாகக் கொள்ள வேண்டும், ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, தனியே வீட்டு வாடகை, எரிபொருளுக்கும் விளக்கு முதலியவற்றுக்கும் மொத்தத்தில் 20 விழுக்காடு. இவற்றின் விலையைக் கூட்டினால் வருவதே தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியம் என்று மாநாடு வகுத்தது. உணவுக் கணக்குக்கு அடிப்படை டாக்டர் வாலஸ் அய்க்ராய்டின் பரிந்துரை. அவர் 1935 முதல் பத்தாண்டுகள் நீலகிரி மாவட்டம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர். பின்னாளில் ஐதராபாத்துக்கு மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தொடக்கம் அந்தக் கூடம்தான்.

இந்த அளவுகோலின் பெருமை அது வெளிப்படையாக இருப்பது. அரிசி, பருப்பு, காய்கறி, பால், எண்ணெய், துணி என்று ஒவ்வொரு பொருளின் அளவும் விலையும் எழுதப்படுகின்றன. எங்கே குறைத்தார்கள் என்பதை யாரும் விரல் வைத்துக் காட்ட முடியும். அரசுக்கு அதுவே சங்கடமாகவும் இருந்தது. இரண்டாவது குழு மாநாட்டின் அளவுகோலை ஏற்காமல் 80 ரூபாயில் நின்றது. 1960 வேலைநிறுத்தத்துக்கும் 1968 செப்டம்பர் 19 அன்று நடந்த ஒருநாள் வேலைநிறுத்தத்துக்கும் தேவை அடிப்படை ஊதியமே முக்கியக் கோரிக்கை. 1991இல் ஒரு மருந்து நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலை ஊழியர்கள் தொடுத்த வழக்கில், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக இன்னும் 25 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கை விரித்தது. ஏழாவது குழு 2015 நவம்பரில் தந்த அறிக்கையில் இந்த முறைப்படியே பொருள் பொருளாகக் கணக்கிட்டு 18,000 ரூபாய் என்ற தொகைக்கு வந்தது. ஒரு மாநாட்டுத் தீர்மானம் அரசின் சொந்தக் குழுவின் அளவுகோலாக மாறப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த மாற்றம் ஊழியர் சங்கங்களின் பொறுமையான உழைப்புக்குக் கிடைத்த உண்மையான வெற்றி.

ஆனால் கணக்கின் உள்ளே சென்று பார்த்தால் குறைகள் தென்படுகின்றன. நீதிமன்றம் சொன்ன 25 விழுக்காட்டைக் குழு 15 ஆக்கியது. படிப்புக்கும் மருத்துவத்துக்கும் அரசு தனியே படியும் வசதியும் தருகிறது என்பது அது சொன்ன காரணம். அதை ஓரளவு ஏற்கலாம். வீட்டுக்காக மூன்று விழுக்காடு மட்டும் சேர்த்ததை ஏற்பது கடினம். வீட்டு வாடகைப்படி தனியே உண்டு என்ற வாதம் இங்கும் வரும். ஆனால் குறைந்தபட்ச ஊதியத்தில் பெரு நகரங்களுக்கு 24 விழுக்காடு என்று குழு பரிந்துரைத்த வாடகைப்படி 4,320 ரூபாய். சென்னையில் ஒரு குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்கு அது போதாது. அரசே அதைப் பின்னர் 5,400 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உயர்த்த நேர்ந்தது.

குடும்பத்தை மூன்று அலகாகச் சுருக்குவதும் கேள்விக்குரியது. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு 0.8, பிள்ளைகளுக்குத் தலா 0.6 என்பது 1950களின் கூட்டல். வயதான பெற்றோர் இந்தக் குடும்பத்தில் இல்லவே இல்லை. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2007ஆம் ஆண்டு முதல் ஒரு மத்தியச் சட்டமே சொல்கிறது. அதே அரசின் ஊதியக் கணக்கில் அந்தப் பெற்றோருக்கு ஒரு பிடி அரிசி ஒதுக்கப்படவில்லை. எட்டாவது குழு முதலில் திருத்த வேண்டிய இடம் இது.

அடிமட்டத்தில் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கும் குழு, மேல்மட்டத்துக்குப் போகும்போது வேறு அளவுகோலை எடுத்துக்கொள்கிறது. ஏழாவது குழு பழைய ஊதியத்தை 2.57ஆல் பெருக்கி அடிமட்டப் புது ஊதியத்தை வகுத்தது. படிநிலை உயர உயர அந்தப் பெருக்கல் எண் 2.62, 2.67, 2.72 என்று ஏறி, துறைச் செயலாளர் நிலையில் 2.81 ஆனது. பொறுப்பு கூடுவதால் எண்ணும் கூடுகிறது என்றது குழு. கூடுதல் பொறுப்புக்கான ஊதியம் பழைய விகிதத்திலேயே அடங்கியிருக்கிறது. அதை மறுபடியும் பெருக்கலில் சேர்ப்பது ஒரே காரணத்துக்கு இருமுறை பணம் தருவதாகும். இதில் நியாயமான மறுபக்கமும் உண்டு. முதல் குழு வகுத்த 55 ரூபாய்க்கும் 2,000 ரூபாய் உச்சவரம்புக்கும் இடையே 36 மடங்கு இருந்தது. இன்று 18,000க்கும் அமைச்சரவைச் செயலாளரின் 2,50,000க்கும் இடையே 14 மடங்குகூட இல்லை. தனியார் பெருநிறுவனங்களில் காணக்கிடைக்காத இந்தச் சமன்பாடு, இடையில் வந்த குழுக்கள் கட்டிக்காத்த சாதனை. அந்தப் போக்குக்கு எதிராக ஏழாவது குழு தானாக முன்வந்து நடந்ததுதான் வருத்தத்துக்குரியது.

தனியார் துறையோடு ஒப்பிடுவது இன்னொரு வழக்கம். ஏழாவது குழுவுக்காக அகமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனம் ஓர் ஒப்பாய்வு செய்தது. அரசின் கடைநிலை உதவியாளருக்கு அப்போது மொத்தம் 22,579 ரூபாய் கிடைத்தது. ஆய்வுக்கு எடுத்த தனியார் நிறுவனங்களில் அதே வேலைக்கு 8,000 முதல் 9,500 ரூபாய்வரைதான். இந்த எண்களை வைத்து அரசு ஊழியர் அளவுக்கு மீறிச் சம்பாதிக்கிறார்கள் என்று பலர் எழுதினார்கள். ஒரு குடும்பம் உண்டு உடுத்த எவ்வளவு வேண்டும் என்று அதே அறிக்கை கணக்கிட்டிருக்கிறது. வந்த தொகை 18,000. அதற்கருகில் 9,000 ரூபாயை வைத்துப் பார்த்தால், தனியார் முதலாளி ஒரு குடும்பத்தின் பாதிச் செலவைத்தான் கொடுக்கிறார் என்பது தெரியும். குறைகூலியை அளவுகோலாக்கி அரசு ஊதியத்தை அளப்பது முறையல்ல. எட்டாவது குழுவின் ஆய்வு வரம்பிலும் தனியார் துறை ஊதியத்தைக் கவனிக்கும்படி சொல்லப்பட்டிருப்பதால் இந்த எச்சரிக்கை அவசியமாகிறது.

இந்த ஒப்பீட்டுக்கு வேறொரு விளைவும் உண்டு. நியாய ஊதியம் என்ற ஏற்பாட்டின் ஆகப் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. நிரந்தர ஊழியருக்கு 18,000 தர வேண்டும், வெளியே 9,000க்கு ஆள் கிடைக்கும் என்றால், அரசு அலுவலகங்கள் வெளியாள் வைக்கத் தொடங்குகின்றன. ஆறாவது குழு கடைநிலையான ‘டி’ பிரிவையே நீக்கி, அதிலிருந்தவர்களைப் பயிற்சி கொடுத்து ‘சி’ பிரிவுக்கு உயர்த்தியது. இருந்தவர்களுக்கு அது மரியாதையான முன்னேற்றம். ஆனால் கூட்டுவது, துடைப்பது, காவல் காப்பது, தோட்டம் பராமரிப்பது ஆகிய வேலைகள் அந்தப் பிரிவோடு மறைந்துவிடவில்லை. அவை ஒப்பந்தக்காரர் கைக்குப் போயின. அதே அலுவலகத்தின் அதே தாழ்வாரத்தைக் கூட்டும் இன்றைய தொழிலாளிக்கு ஊதியக் குழுவும் இல்லை, அகவிலைப்படியும் இல்லை, பெரும்பாலும் வேலை நிரந்தரமும் இல்லை.

கிராமங்களில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். அஞ்சல் துறையின் கிராமிய அஞ்சல் ஊழியர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள்தான் என்று 1977இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. இருந்தும் ஏழாவது ஊதியக் குழுவின் வரம்பில் அவர்கள் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கென்று கமலேஷ் சந்திரா தலைமையில் தனிக் குழு அமைக்கப்பட்டது. 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அதன் பரிந்துரைப்படி, நான்கு மணி நேர வேலை பார்க்கும் கிளை அஞ்சல் அதிகாரியின் தொடக்கத் தொகை 12,000 ரூபாய். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் ஆஷா பணியாளர்களுக்கும் தனிக் குழுகூட வாய்க்கவில்லை. அவர்கள் பெறுவது ஊதியம் என்றே அழைக்கப்படுவதில்லை. மதிப்பூதியம், ஊக்கத்தொகை என்பவை அதன் பெயர்கள். அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு வகுத்த மதிப்பூதியம் 2018 அக்டோபரில் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆனது. தமிழ்நாடு அரசு அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் சிறப்பு காலமுறை ஊதியம் தருவதால் இங்கு நிலைமை சற்று மேல். குழந்தைக்குச் சோறு போடுவதும் எடை பார்ப்பதும் எழுத்தறிவிப்பதும் அரசின் கடமை என்று சட்டம் இயற்றிவிட்டு, அந்தக் கடமையைச் செய்யும் பெண்ணைத் தன்னார்வலர் என்று அழைப்பது பெரிய அநீதி. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் அறிவிக்க வேண்டியிருந்தது.

ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளை அகவிலைப்படி நிரப்புகிறது. ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், தொழிலாளர் பணியகம் வெளியிடும் தொழில்துறைத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டின் பன்னிரண்டு மாதச் சராசரியைக் கொண்டு அது உயர்த்தப்படுகிறது. யார் தயவும் இன்றிச் சூத்திரம் போட்டுக் கிடைக்கும் உயர்வு என்பதால் இந்த ஏற்பாட்டின் மிகச் சிறந்த பகுதி இதுதான். ஆனால் குறியீடு பழசானால் சூத்திரமும் பழசாகிவிடும். 2001ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட வரிசை 2020வரை புழக்கத்தில் இருந்தது. இடையில் குடும்பச் செலவில் உணவின் பங்கு குறைந்து, படிப்பு, மருத்துவம், போக்குவரத்து ஆகியவற்றின் பங்கு கூடிப்போனது. தானாக நடக்க வேண்டிய இந்த உயர்வும் அரசின் கைக்குள்தான் இருக்கிறது. கொரோனா காலத்தில் 2020 ஜனவரி முதல் 2021 ஜூன்வரை மூன்று தவணைகள் நிறுத்திவைக்கப்பட்டன. பின்னர் விகிதம் சரிசெய்யப்பட்டது. அந்தப் பதினெட்டு மாத நிலுவை தரப்படவில்லை. பத்தாண்டு காத்திருக்காமல் அய்க்ராய்டு முறைப்படி இடையிடையே ஊதிய அட்டவணையைத் திருத்தலாம் என்று ஏழாவது குழு சொன்ன நல்ல யோசனையும் ஏட்டளவில் நின்றுவிட்டது.

பரிந்துரை கட்டுப்படுத்தாது என்பதன் பொருள் அறிக்கை அரசிடம் போன பிறகுதான் தெரியும். மூன்றாவது குழு சொன்ன 185ஐ 196 ஆகவும், ஐந்தாவது குழு சொன்ன 2,440ஐ 2,550 ஆகவும், ஆறாவது குழு சொன்ன 6,660ஐ 7,000 ஆகவும் அரசு உயர்த்தியதுண்டு. பேச்சுவார்த்தைக்கு அப்போது இடம் இருந்தது. ஏழாவது குழுவின் 18,000 அசையவில்லை. சங்கங்கள் 26,000 கேட்டன; 2016 ஜூலையில் நடக்கவிருந்த வேலைநிறுத்தம் அமைச்சர்களின் உறுதிமொழியை நம்பி ஒத்திவைக்கப்பட்டது; தொகை மாறவில்லை. படிகளோ 2017 ஜூலை முதல்தான் புது விகிதத்துக்கு வந்தன. இரத்தினவேல் பாண்டியன் தலைமையிலான ஐந்தாவது குழுவின் அறிக்கைக்கு நேர்ந்தது வேறுவகை. ஊதிய உயர்வோடு பத்தாண்டுகளில் ஆட்களை 30 விழுக்காடு குறைக்கவும் அது சொல்லியிருந்தது. அரசு உயர்வை ஏற்று, குழு கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்து, ஆட்குறைப்பை ஒதுக்கியது. ஆட்குறைப்பு விரும்பத்தக்கதா என்பது தனி விவாதம். ஒன்றோடொன்று இணைத்து எழுதப்பட்ட கணக்கில் ஒரு பாதியை மட்டும் எடுத்ததன் சுமை மாநிலங்களின் கருவூலங்கள்மேலும் விழுந்தது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஏழாவது குழுவின் அறிக்கையைப் பரிசீலித்துக் கருத்துச் சொன்னது செயலாளர்களைக் கொண்ட அதிகாரக் குழு. தம் ஊதியத்தையும் உள்ளடக்கிய அறிக்கையைத் தாமே பரிசீலிக்கும் வாய்ப்பு கடைநிலை ஊழியருக்கோ சிப்பாய்க்கோ இல்லை. படையினரின் பிரதிநிதி யாரும் குழுவில் உறுப்பினராக இல்லை என்பது ஆறாவது, ஏழாவது குழுக்களின்போது படையினர் எழுப்பிய குறை. சியாச்சின் பனிமலையில் நிற்கும் சிப்பாய்க்குக் குழு பரிந்துரைத்த 21,000 ரூபாய் படியை அரசு 30,000 ஆக்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

மத்தியக் குழுவின் அட்டவணை மாநிலங்களுக்குச் செல்லும்போது புதுச் சிக்கல்கள் முளைக்கின்றன. தமிழ்நாட்டில் 2009இல் ஆறாவது குழுவின் ஊதிய முறை வந்தபோது, ஏற்கெனவே பணியிலிருந்த இடைநிலை ஆசிரியரின் 4,500 ரூபாய் 1.86ஆல் பெருக்கப்பட்டு 8,370 ஆனது. அந்த ஆண்டு ஜூன் முதல் சேர்ந்தவருக்கோ ஊதியக் கட்டின் அடித்தளமான 5,200 மட்டுமே. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே பாடம். அடிப்படை ஊதியத்தில் 3,170 ரூபாய் வேறுபாடு. மத்திய அரசு நேரடியாகச் சேர்பவருக்கென்று நுழைவு ஊதியத்தைத் தனியே வகுத்திருந்தது. இங்கு அது பின்பற்றப்படவில்லை. ஒருநபர் குழு, முரண்பாடு களையும் குழு என்று வந்த பின்னும் ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்ற பதாகையோடு அந்த ஆசிரியர்கள் பலமுறை சென்னையில் போராட வேண்டியிருந்தது. அரசமைப்பின் 14, 16, 39 ஆகிய பிரிவுகளைச் சேர்த்து வாசித்து, சம வேலைக்குச் சம ஊதியம் அரசமைப்பின் நோக்கம் என்று ஓர் ஓட்டுநரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982இலேயே கூறியிருக்கிறது. 2017இல் ஏழாவது குழுவின் விகிதத்தைத் தமிழ்நாடு ஏற்றபோது குறைந்தபட்சம் 15,700 ரூபாய் ஆனது. 2016 ஜனவரி முதல் கணக்கிடப்பட்டாலும் பணம் 2017 அக்டோபர் முதல்தான். இடைப்பட்ட 21 மாத நிலுவை, ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் கோரிக்கைப் பட்டியலில் நீண்டகாலம் இருந்தது. ஆண்டுக்கு 14,719 கோடி ரூபாய் கூடுதல் செலவு என்று அரசு சொன்னதையும் மறந்துவிட முடியாது. மத்தியக் குழு தன் கையிலுள்ள வருவாயைப் பார்த்து எழுதும் தொகையை, அந்த வருவாய் இல்லாத மாநிலம் கொடுக்க நேர்கிறது.

எட்டாவது குழுவுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. நிதிக் கட்டுப்பாடு, வளர்ச்சிச் செலவுக்கான இருப்பு, பங்களிப்பில்லாத ஓய்வூதியங்களின் சுமை, மாநிலங்களின் நிதிநிலை ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளும்படி அதன் ஆய்வு வரம்பு சொல்கிறது. ஒரு குடும்பம் வாழ என்ன வேண்டும் என்ற கேள்வியில் தொடங்கி விடை தேடும் 1957ஆம் ஆண்டு முறை இந்தியாவில் உருவான நல்ல அரசுநெறிகளுள் ஒன்று. எண்களின் நெருக்கடியில் அதைக் கைவிடலாகாது. அதைத் திருத்தி விரிவாக்குவதே செய்ய வேண்டியது. பெற்றோரைக் கணக்கில் சேர்க்கலாம். பெருக்கல் எண்ணை எல்லா நிலைக்கும் ஒன்றாக்கலாம். அகவிலைப்படியை நிறுத்திவைக்க முடியாதபடி சட்டத்தின் காப்பைத் தரலாம். எல்லாவற்றுக்கும் முன்னதாக, கிராமிய அஞ்சல் ஊழியர், அங்கன்வாடி, ஆஷா பணியாளர், அரசு அலுவலகங்களின் ஒப்பந்தத் தொழிலாளர் ஆகியோரைக் குழுவின் வரம்புக்குள் மத்திய அரசு கொண்டுவர வேண்டும். அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை; அமைச்சரவையின் ஒரு தீர்மானம் போதும்.